பிளாஸ்டிக் போத்தல் வளைவு வைத்தால் யாராவது மாறுவார்களா?

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த பொங்கல் விழாவுக்கு ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் போத்தல்களைக் கோத்து, சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்காக ஒரு பெரிய நுழைவு வளைவு வைக்கலாம் என்று குழுவில் பேச்சு. "மரினா பே பக்கம் இந்த மாதிரி நிறையப் பார்க்கிறோம். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா? உண்டென்றால் எப்படிச் செய்தால் உருப்படியாக இருக்கும்?" இதுதான் அவர் கேள்வி.

கண்காட்சிகளுக்கு அரங்கம் கட்டும் தொழிலில் இருக்கிறேன். இப்படிப்பட்ட படைப்புகள் எழும்புவதையும் பிரிக்கப்படுவதையும் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பலன் உண்டு. ஆனால் பெரிதாக இருப்பதாலேயே பலன் வந்துவிடாது. நம் ஊரில் கண்ணுக்குப் படாமல் போகும் ஒன்றை அந்தப் படைப்பு கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சிங்கப்பூரில் குப்பை தெரியாது. சென்னையில் கொடுங்கையூர்ப் பக்கம் போனால் குப்பைமேடு தானாகக் கண்ணில் படும், மூக்கிலும் ஏறும். இங்கே புளோக்கில் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து பையைப் போட்டால் 'தொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு லாரி, எரியாலை, சாம்பலை ஏற்றிப் போகும் மிதவை, கடைசியில் செமாக்காவ் தீவு. எரித்தால் கழிவின் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்தச் சாம்பலையும் எரிக்க முடியாத கழிவையும் 1999 முதல் அந்தத் தீவில்தான் கொட்டுகிறோம். நாட்டில் இருப்பதே அந்த ஒரு குப்பை நிரப்பிடம்தான். இப்போதைய கணக்குப்படி 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடலாம். 2023இல் நாம் உண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவில் மறுபயனீட்டுக்குப் போனது வெறும் 5 விழுக்காடு. இதையெல்லாம் செய்தியில் படிக்கிறோம், தலையாட்டுகிறோம், மறுநாள் காலை தே ஓ பெங் (பாலில்லாத ஐஸ் தேநீர்) பிளாஸ்டிக் பொட்டலம் வாங்குகிறோம். அலட்சியம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஊர் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு திறமையாக நடப்பதால் குப்பை நம் நினைவிலேயே தங்குவதில்லை. கலைக்கு இங்கே பிரத்தியேகமாக ஒரு வேலை இருக்கிறது என்று நான் நம்புவது அதனால்தான்.

2019இல் மரினா அணைக்கட்டில் உள்ள நீடித்த நிலைத்தன்மைக் காட்சிக்கூடத்தில் 'பிளாஸ்டிகோஃபோபியா' என்று ஒரு படைப்பு வைத்தார்கள். கனடாவைச் சேர்ந்த பெஞ்சமின் வான் வோங், இங்குள்ள ஜோஷுவா கோ இருவரும் சேர்ந்து செய்தது. 26 உணவங்காடி நிலையங்களிலிருந்து ஒன்றரை நாளில் 18,000 பிளாஸ்டிக் கோப்பைகளைத் திரட்டி, தொண்டூழியர்கள் கழுவிக் கொடுக்க, ஆள் உள்ளே நுழையக்கூடிய ஒரு படிகக் குகையாகக் கட்டினார்கள். உள்ளிருந்து வெளிச்சம். தூரத்தில் நின்று பார்த்தால் அழகு, வேறு எதுவும் தோன்றாது. கிட்டே போனால்தான் ஒவ்வொன்றும் நாம் கையில் பிடித்துப் பழகிய கோப்பை என்று தெரியும். விளிம்பின் மடிப்பு, அடியில் சின்ன வட்டம், பக்கவாட்டில் வரிவரியாகப் பள்ளம். குடித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன அதே சாமான்.

கணக்கைப் பாருங்கள். 18,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நிலையத்துக்கு 700க்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை நாளுக்கு. நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன, காப்பிக் கடைகள் தனி. சுவர் முழுக்கக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்ட வேண்டாம், அவரே மனத்துக்குள் போட்டுவிடுவார். அளவு எதற்கு உதவுகிறது என்று கேட்டால் இதற்குத்தான். வெறும் எண்ணாக இருந்தது உடம்பைவிடப் பெரிதாக எதிரே நிற்கிறது.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2016இல், நம் நாட்டு ஓவியர் டான் ஸி ஷி சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தில் 'பிளாஸ்டிக் ஓஷன்' என்று ஒன்று செய்தார். தூக்கியெறியப்பட்ட 20,000க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகளைச் சேகரித்துச் சுத்தம் செய்து, தலைக்கு மேலே கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார். அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். கடலுக்குள் இருக்கும் மீன் மேற்பரப்பைப் பார்ப்பதுபோல நாம் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாத படைப்பு. என்னைக் கேட்டால் இந்த வகையில் இங்கு நடந்தவற்றில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். படம் எடுக்க வசதியாக அமைந்தது பிளாஸ்டிகோஃபோபியா. டான் ஸி ஷியின் கடலோ கழுத்தை வலிக்க வைத்தது. அந்த வலியோடு வெளியே வருபவர் சீக்கிரம் மறக்கமாட்டார்.

பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வேறு பொருளுக்கு வந்தால், சிற்பி ஹான் சாய் போர் செய்த 'பிளாக் ஃபாரஸ்ட்'. கருகிய மரத்தண்டுகள், கரித்துண்டுகள். சில நிற்கும், சில சாய்ந்து கிடக்கும். வண்ணம் கிடையாது, வெளிச்ச வித்தை கிடையாது. 2013 ஜூன் 21 நண்பகலில், காற்று மாசைக் காட்டும் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டது ஞாபகம் இருக்கும். ஜன்னலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். எங்கோ எரிந்த காட்டின் வாசனை நம் படுக்கையறைக்குள் வந்தது. அந்த நாளைக் கடந்துவந்த ஒருவர் இந்தக் கரிக்கட்டைகளின் முன்னால் நிற்கும்போது பக்கத்தில் விளக்கப் பலகையே வேண்டியதில்லை.

சரி, பார்த்தவர்கள் மாறினார்களா? இதை உண்மையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2015இல் பாரிஸ் பருவநிலை மாநாடு நடந்தபோது ஊர் முழுக்க இத்தகைய கலைப் படைப்புகள் வைக்கப்பட்டன. நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் இருக்கும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரா கிம் சோமர், கிறிஸ்டியன் க்ளோக்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றில் 37 படைப்புகளை எடுத்துக்கொண்டு, பார்வையாளர்கள் 874 பேரிடம் கேட்டுப் பதிந்தார்கள். பதில்களை வைத்துப் படைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மனத்துக்கு இதமான கனவைக் காட்டுபவை ஒரு வகை. அழிவைக் காட்டிப் பயமுறுத்துபவை ஒரு வகை. புராணக் குறியீடு மாதிரி என்னவோ சொல்லிவிட்டுப் போகிறவை ஒரு வகை. நான்காவது வகை, அழகாகவும் இருந்து, ஒரு தீர்வையும் கண்முன் காட்டியவை. பார்த்தவர்களை ஆழமாக யோசிக்க வைத்தவை, தங்கள் அன்றாட வாழ்க்கையோடு சேர்த்து நினைக்க வைத்தவை இந்த நான்காவது வகைதான். 37இல் அந்த வகையில் சேர்ந்தவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று.

இந்த முடிவு உங்கள் குழுவுக்கு மிக முக்கியம். பயமுறுத்துவது சுலபம். செத்த ஆமை, வயிற்றில் பை, சிவப்புச் சாயம், முடிந்தது வேலை. பார்ப்பவர் வருத்தப்படுவார், அப்புறம் அந்த வருத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் செய்ய ஏதாவது ஒன்று இருக்கவேண்டும்.

பெரிய பெயர்களையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கலைஞர் ஓலாஃபர் எலியாசன் கிரீன்லாந்தின் கடல்கழியில் உடைந்து மிதந்த பனிப்பாறைகளைக் கொண்டுவந்து 2014இல் கோப்பன்ஹேகனிலும், 2015இல் பாரிஸிலும், 2018இல் லண்டனிலும் தெருவில் வைத்து உருகவிட்டார். பாரிஸில் 12 பாறைகள், கடிகார முள் எண்கள்போல வட்டமாக. மக்கள் கையை வைத்தார்கள், கன்னத்தை வைத்தார்கள், சிலர் நக்கியும் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் பனிக்கட்டியைத் தூக்கிவருவதே சுற்றுச்சூழலுக்குக் கேடில்லையா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. அவருடைய குழு பாரிஸ் படைப்பின் கரிமத் தடத்தை, அதாவது அதனால் வெளியான கரிம வாயுவின் அளவை, கணக்கிட வைத்து வெளியிட்டது, கிட்டத்தட்ட 30 டன். மறைக்காமல் சொன்னார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. அவருடைய படைப்புகள் 2024இல் தஞ்சோங் பகாரில் உள்ள சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்துக்கும் வந்தன. ஐஸ்லாந்தின் பனியாறுகளை 1999இல் ஒரு முறை, 2019இல் ஒரு முறை, அதே இடத்திலிருந்து எடுத்த படங்களை ஜோடி ஜோடியாக மாட்டியிருந்தார்கள். ஒரு ஜோடியின் முன்னால் நின்று இடதையும் வலதையும் மாறி மாறிப் பார்த்தால் போதும். பனி கொண்டுவரத் தேவையே இல்லை.

வான் வோங் 2022இல் நைரோபியில் ஐநா சுற்றுச்சூழல் மன்றக் கூட்டத்தின்போது, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாயை நிறுத்தி அதிலிருந்து பிளாஸ்டிக் கொட்டுவதுபோல் செய்தார். பேராளர்கள் அதைக் கடந்துதான் போனார்கள். பிளாஸ்டிக் ஒப்பந்தம் வேண்டும் என்ற தீர்மானமும் அந்தக் கூட்டத்தில் நிறைவேறியது. ஆனால் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியபோதும் நாடுகளால் ஒப்பந்தத்தில் உடன்பட முடியவில்லை. கலை கதவைத் தட்டும், கையெழுத்துப் போடாது. இதைத் தெரிந்துகொண்டே செய்வதுதான் நல்லது.

மரினா பே பக்கம் நிறையப் பார்ப்பதாகச் சொன்னீர்கள், அங்கே நடக்கும் 'ஐ லைட்' ஒளி விழாவைப் பற்றியும் சொல்கிறேன். 2010இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் தொடங்கியது. மின்சாரம் குறைவாக இழுக்கும் விளக்குகள், மறுபயனீட்டுப் பொருள்கள் என்று வைத்திருந்தார்கள். வெளிச்சத்தைக் கொண்டாடிச் சிக்கனத்தைப் பேசுவது முரண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அங்கே பிடித்தது படைப்புகளைவிட அதனோடு சேர்த்து நடத்திய இயக்கம்: சுற்றியுள்ள கட்டடங்கள் தேவையில்லாத விளக்கை அணைக்கவேண்டும், குளிர்சாதன வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி வைக்கவேண்டும். கரையில் ஒரு விளக்கு எரிவதற்காக எதிரே அலுவலக மாடிகளில் விளக்கு அணைகிறது. சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டுக்கும் யாராவது இந்த மாதிரி ஒரு துணை இயக்கம் நடத்தினால் முதல் ஆளாக நான் வருவேன்.

கரையோரப் பூந்தோட்டத்தின் செயற்கைப் பெருமரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18 மரங்கள், 25 முதல் 50 மீட்டர் உயரம். அவற்றில் 11 உண்மையிலேயே வேலை செய்கின்றன: சிலவற்றின் உச்சியில் சூரியத் தகடு, சில உள்ளே புகைபோக்கி. தீவு முழுக்கக் கழித்துப் போடும் கிளைகளையும் இலைகளையும் எரிக்கும் கொதிகலன் கீழே இருக்கிறது, அதன் புகை ஒரு 'மரத்தின்' வழியாகத்தான் வெளியேறுகிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? வருகிறவர்கள் ஒளி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு நல்ல விஷயத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காட்டாமல் விட்டது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

அதைவிட, ஒரு வார இறுதியில் உங்கள் குழுவை பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள், 2012இல் வேலை முடிந்தது. உடைத்த கால்வாயின் கான்கிரீட் பலகைகளை அள்ளிக்கொண்டு போகவில்லை. அங்கேயே அடுக்கி ஒரு குன்று கட்டி, அதன் உச்சியில் ஒரு சிற்பமும் வைத்தார்கள். பழைய கால்வாய் மேல் ஏறி நின்று புதிய ஆற்றைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்களும் கண்ணில் படும். பொருள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. தீர்வும் கண்ணெதிரே ஓடுகிறது. நார்வே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன நான்காவது வகைக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் வளைவுக்கு வருவோம். ஒரு நிகழ்ச்சி, எது என்று வேண்டாம், போத்தல் வளைவு ஒன்றைக் கட்டியது. போத்தல் போதவில்லை என்று கடையில் புதிதாகக் கட்டுக்கட்டாகத் தண்ணீர் வாங்கி, கொட்டிவிட்டுக் காலிப் போத்தலைப் பயன்படுத்தினார்கள். சூடான பசை, பிளாஸ்டிக் கட்டுவார், மேலே தங்கச் சாயம். விழா முடிந்த இரவே எல்லாம் மொத்தமாகக் குப்பைத் தொட்டிக்குப் போனது. பசையும் சாயமும் பட்ட பிறகு அதை யாரும் மறுபயனீட்டுக்கு எடுக்கமாட்டார்கள். விழிப்புணர்வு என்று எழுதிய பதாகையும் அதோடு போனது. அதைப் பார்த்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என் யோசனை: எங்கெங்கோ இருந்து போத்தல் திரட்டாதீர்கள். நம் விழாவின் குப்பையையே காட்டுங்கள். பொங்கலுக்கு முன்னால் உங்கள் மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சி நடக்கும். அன்று காலியான தண்ணீர்ப் போத்தல், பானக் கோப்பை, பிரியாணிப் பெட்டி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, எடுத்து வையுங்கள். பொங்கலன்று அவற்றை அடுக்கி நிறுத்தி, 'இது நாம் ஒரே மாலையில் பயன்படுத்தியது' என்று ஒரு வரி எழுதுங்கள். வருகிறவர்கள் அன்று வந்த அதே அண்ணன்மார், அக்காமார்தான். வேறு யாரையும் குறைசொல்ல அதில் இடமில்லை. பக்கத்திலேயே அன்றைய சாப்பாட்டை வாழையிலையிலும் எவர்சில்வர் தம்ளரிலும் பரிமாறுங்கள். தம்ளர் கழுவத் தொண்டூழியர் பட்டியல் போடுங்கள், முதல் பெயராகக் குழுத் தலைவர் பெயர் இருக்கட்டும். கேடும் தீர்வும் பத்தடி இடைவெளியில் நிற்கும்.

வளைவுதான் வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருந்தால், போத்தல்களை வெட்டாதீர்கள், நசுக்காதீர்கள், ஓட்டைபோடாதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். 2026 ஏப்ரலைத் தொடக்கமாகக் கொண்ட பானப் போத்தல் திருப்பித் தரும் திட்டத்தில், வைப்புத்தொகைக் குறியீடு உள்ள 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தலுக்கும் டின்னுக்கும் 10 காசு திரும்பக் கிடைக்கும். பட்டைக்குறியீடு கெடாமல், முழுசாக இருக்கவேண்டும். அப்படிக் கட்டினால் விழா முடிந்ததும் வளைவைப் பிரித்து, பிள்ளைகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, போத்தலைத் திரும்பப் பெறும் இயந்திரத்தில் போடச் சொல்லலாம். 3,000 போத்தல் என்றால் 300 வெள்ளி. அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் பலகையில் எழுதுங்கள். கட்டுவதற்குப் பருத்திக் கயிறும் மூங்கிலும் போதும், பசை வேண்டாம்.

அப்புறம் கொசு. வெளியில் மழை படும் இடத்தில் வைத்தால் ஒவ்வொரு போத்தலும் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வீடு. மூடியை இறுக்கிவிடுங்கள், வாயைக் கீழ்ப்பக்கமாகத் திருப்புங்கள், தினமும் ஒருவர் சுற்றிப் பார்க்கட்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் வைப்பதாக இருந்தால் நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சக்கர நாற்காலி போகும் வழியை மறைக்காதீர்கள்.

நம் கையிலேயே ஒரு பெரிய கலை இருப்பதையும் குழுவுக்கு நினைவுபடுத்துங்கள். 2023 பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவில் ஒரு தாயும் மகளும் 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொண்டு ஆறு மீட்டர் சதுரத்தில் ரங்கோலி செய்து, வள்ளுவர், ஔவையார், பாரதி உருவங்களை வரைந்தார்கள். சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்தில் அது ஏறியது. பெரிய அளவில் பொறுமையாகச் செய்யும் கை நம் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரிசி மாவில் போட்ட கோலத்தை எறும்பும் புறாவும் தின்றுவிடும், அகற்றும் செலவே கிடையாது.

கோலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்றும் ஒன்று தோன்றுகிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவு ஒன்றில் 2018இல் பின்லாந்துக் கலைஞர்கள் இருவர், கடல் எதிர்காலத்தில் எந்த உயரம்வரை வரும் என்பதை வீட்டுச் சுவர்களின் குறுக்கே வெறும் ஒளிக்கோடுகளாகப் போட்டுக் காட்டினார்கள். வேறு எதுவும் இல்லை. நம் தீவில் ஏறக்குறைய 30 விழுக்காடு நிலம் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 2024இல் வெளியான நாட்டின் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டு முடிவுக்குள் கடல் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும் என்கிறது. உங்கள் மன்றம் கிழக்குக் கரையோரம் இருந்தால், தரையில் கோலம் போட்டு, பக்கத்துத் தூணில் 1.15 மீட்டர் உயரத்தில் ஒரு நீலத் துணியைச் சுற்றுங்கள். பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல், தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் கழுத்து. செலவு ஒரு துணி.

கடைசியாக, எண்ணிக்கையை யாராவது ஒருவர் நோட்டில் எழுதி வைக்கவேண்டும். இந்தத் தீபாவளிக்கு எத்தனை போத்தல், எத்தனை பெட்டி, அடுத்த தீபாவளிக்கு எத்தனை. குறைந்திருந்தால் அந்த எண்ணை அடுத்த ஆண்டுப் பலகையில் போடுங்கள், குறையாவிட்டாலும் போடுங்கள். குழுவில் கணக்கு பார்க்கும் செயலாளர் யாரோ, அவரிடமே இந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.